ஐந்தாம் அறை

பதினெட்டு சென்டிமீட்டர்.
அட்டையில் வட்டம் வெட்டி
பலகை முழுக்க நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.
ஒரே ஓர் இடத்தில்தான் பொருந்தியது:
ராய்க்கின் புல்வெளியில்.

நூற்று அறுபதில் ஒன்றாய்ச் சிறுத்த உலகம் எங்களுடையது.
தண்டவாளம் என் பங்கு. மண் அவன் பங்கு.
ஆனாபெர்க்கின் இரண்டு பனிக்காலங்கள் உட்கார்ந்து
மின்னூட்டி நிமிர்த்திய புல்,
ஒவ்வோர் இழையும் நட்டமாய் நிற்கும்.
நடுவில் துணி உலர்த்தும் ஒருத்தி,
ஒரு சென்டிமீட்டர் உயரம்.
அவள் காலடியில்
துவரம்பருப்பளவு ஓர் ஆடு.

ராய்க் வடகடலில் இருந்தான்,
காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில்.
பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் வீடு.
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
அத்தனை இரைச்சலில் என்னவென்று கேட்பது,
உன் புல்லில் குழி தோண்டட்டுமா என்றா?

ஞாயிற்றுக்கிழமை இழைவாளை எடுத்தேன்.
ஞாயிறன்று இந்த ஊரில் ஆணிகூட அடிக்கலாகாது.
கீழ்வீட்டுத் திருமதி ட்சொக்கே
துடைப்பக்கட்டையால் கூரையை இரண்டு முறை இடித்தார்.
மூன்றாவது இடிக்குள்
வட்டம் பெயர்ந்து என் மடியில் விழுந்தது,
புல்லோடு, பாதிக் கொடியோடு, அவளோடு.
உதறிக்கொண்டிருந்த போர்வையை
அவள் அப்போதும் விடவில்லை.

பகலெல்லாம் அடுத்தவர் கடைவாய்ப்பல் செய்பவள் நான்.
குழிச்சுவர் எனக்கு இன்னோர் ஈறு.
பல் வார்க்கும் மாவை ஊற்றி
பல் சீவும் ஊசியால் செங்கல் கீறினேன்.
எண்ணூறு வரை எண்ணினேன்.

சுழல்மேடை குழியில் இறங்கி உட்கார்ந்தது.
எதிரே ஆறு அறைகளோடு வட்டக் கொட்டகை,
ஏழரை பாகைக்கு ஒரு தண்டவாளம்.
ஏழரை என்ற பெயரே சரியில்லை,
பிடித்தால் லேசில் விடாது.
முதல் அறை சேர்ந்தால் நான்காவது விலகும்,
நான்காவதை இழுத்தால் ஆறாவது முகம் திருப்பும்.
எல்லாம் ஒரு மயிரிழை.
அந்த மயிரிழை தடுக்கித்தான்
கறுப்பு என்ஜின் குழிக்குள் குப்புற விழுந்தது,
காற்றில் சக்கரம் சுற்றியபடி.
நான்கு இரவுக் கணக்குகள் தோற்ற இடத்தில்
மடித்த பஸ் டிக்கெட் ஒன்று ஜெயித்தது.

பிறகு முதன்முறையாக
மேடை அரைவட்டம் திரும்பி வந்து சேர்ந்தபோது
மின்மாற்றி கிளிக்கென்று வாயடைத்தது.
திரும்பிவிட்டால் இடது தண்டவாளம் வலதாகிவிடுகிறது,
நேர்மின் எதிர்மின்னாக.
மேடைக்கு இது தெரியாது,
போனபடியே வந்திருக்கிறோம் என்றிருக்கிறது.
வாசலைத் தொட்டதும்தான் பொறி பறக்கிறது.

குழிவிளிம்பின் செப்பு வளையத்தை இரண்டாக அறுத்தேன்,
நடுவே கொஞ்சம் வெற்றிடம் விட்டு.
அதைக் கடக்கும் நொடியில்
மேலே நிற்கும் என்ஜினுக்கு
எந்தப் பக்கமும் இல்லை.
அப்புறம்தான் புதுப் பக்கம்.

அடுத்த வாரம் வியாழன் இரவு வந்தான்,
உப்பு காய்ந்த காலணியோடு.
குழியைப் பார்த்தான். கொட்டகையைப் பார்த்தான்.
சுவிட்சைத் தொடவில்லை.
ஜன்னலோரம் நான் வைத்திருந்த வட்டத்தை எடுத்து
விளக்கடியில் நெடுநேரம் குனிந்திருந்தான்.
சொல்வதற்கென்று சேர்த்துவைத்த காரணங்களை
நான் வரிசைப்படுத்தி முடிக்கும் முன்
ஆடு எங்கே என்றான்.

சமையலறை மேசையில்
வாக்குவம் கிளீனர் பையைக் கிழித்துக் கொட்டினோம்.
மரத்தூள், முடி, எப்போதோ தொலைந்த தோட்டின் திருகு,
பச்சைப் பச்சையாய்ப் புல்.
பல் சோதிக்கும் ஊசியால் நான் கிளற
இடுக்கியோடு அவன் காத்திருந்தான்.
இரண்டு மணிக்குக் கிடைத்தது,
ஒரு கொம்பு குறைவாக.

பழைய வட்டத்தில்தான் ஒட்டுவான் என்றிருந்தேன்.
ஐந்தாம் அறை வாசலில்
இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே
ஒரு சொட்டுப் பசை வைத்து நிறுத்தினான்.
கை கழுவிக்கொண்டு தூங்கப் போனான்.

அதனால் எங்கள் கொட்டகையில்
ஐந்தாம் அறைக்கு எந்த என்ஜினும் போவதில்லை.
மேடை அதன் எதிரே வரும்போது
வேகத்தைக் குறைக்கிறேன், அவன் ஊரில் இல்லாத நாளிலும்.
துணி உலர்த்துகிறவள் ஜன்னலில் இருக்கிறாள்.
அவள் கொடியின் மறுமுனை
எதிலும் கட்டப்படவில்லை இன்னும்.